வேலிக்கு வெளியே ஒரு கிறிஸ்தவன்

ஏலப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட். அங்கே சபையின் கல்லறைத் தோட்டத்துக்கு முள்கம்பி வேலி போட்டவர், கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஞானாபரணம். மாடு நுழையாமலிருக்கப் போட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். வேதமுத்து செத்த பிறகுதான் அது குடிகாரர்களுக்கும் சேர்த்துப் போட்ட வேலி என்று தெரிந்தது.

செத்த அன்று வேதமுத்து குடித்திருந்தான், சந்தேகமில்லை. பிணத்தின் வாயில் வாடை இருந்தது. ஆடி மழையில், ஆற்றிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் வாய்க்காலின் வாய் அடைத்துக்கொண்டால், அடைப்பெடுக்க ஆற்றில் இறங்குகிறவனுக்குத் துரை செலவில் ஒரு தகர டம்ளர் சாராயம் உண்டு. குடிக்காமல் இறங்கினால் உடம்பு விறைத்துவிடுமாம். ஊற்றிக் கொடுத்தவர் கங்காணி பெரியமுத்து. அவரேதான் சபையின் மூப்பர். வேதமுத்து குடித்தான், இறங்கினான், வெள்ளம் கொண்டுபோயிற்று; பிணம் கீழே ஒதுங்கியது.

இனிக் குடிப்பதில்லை என்று ஈஸ்டரன்று அவன் கோயிலில் சத்தியம் பண்ணியிருந்தான். உபதேசியார் அதைப் பிடித்துக்கொண்டார்.

"குடிவெறியனுக்கு மோட்சத்துல பங்கு இல்லம்மா. நான் சொல்லல, வேதம் சொல்லுது. வேலிக்கு வெளிய வச்சுக்கோ. ஜெபம் வேணா பண்ணுதேன்."

"உள்ளதான் எம்புள்ள கெடக்கு" என்றாள் வேதமுத்துவின் மனைவி சாந்தம்மாள். "அது பக்கத்துல அவுகளப் போடணும். வேற ஒண்ணும் கேக்கல."

"சத்தியத்த மீறுனவன்."

"கானாவூர் கலியாணத்துல தண்ணிய மாத்துன ஏசுசாமி என்ன, பானகமா கரைச்சாரு?"

இதற்கெல்லாம் உபதேசியாரிடம் பதில் உண்டு. கானாவூரில் ஓடியது புளிக்காத திராட்சரசம். வேதத்தில் தன் சீடன் தீமோத்தேயுவைப் பவுல் கொஞ்சம் குடிக்கச் சொன்னது வயிற்றுக் கோளாறுக்கு. கிறிஸ்துமஸுக்குத் துரை பங்களாவில் இவர் பிராந்தி வாங்கிக் குடிப்பதும் அதே கோளாறுக்குத்தான். உபதேசியாருக்கு வயிறு இருந்தது. கூலிக்காரனுக்கு ஆண்டவர் வெறும் தொண்டையை மட்டும் படைத்துவிட்டார்.

வேலிக்கு வெளியே, சரிவில், குழி வெட்ட இரண்டு ஆட்கள் வந்தார்கள். குழி வெட்டுகிறவனுக்கும் முதலில் ஒரு டம்ளர் ஊற்றவேண்டும் என்பது மலை வழக்கம். மூப்பர் போத்தலைத் திறந்தார். உபதேசியாருக்கு அந்த நேரம் பார்த்து மலையழகு நினைவுக்கு வந்தது, திரும்பிக்கொண்டார்.

"எதுக்குத் திரும்புதீய? இங்க பாருங்க" என்றாள் சாந்தம்மாள். "எம்புருசனுக்கு ஊத்துன அதே கை. ஊத்துனவுக செத்தா உள்ள போவாக, குடிச்சவுக வெளியயா?"

"ஏ சாந்தம்மா, வாய அடக்கு" என்றார் மூப்பர்.

"அடக்கத்துக்குத்தான வந்திருக்கேன்."

ஓர் ஆளின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளையின் சிலுவைக்குப் பக்கத்தில் வெட்டத் தொடங்கினாள். கூலி லயத்துப் பெண்கள் களைக்கொத்துகளோடு பின்னால் போனார்கள். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் அந்த மழையில் இடுப்பளவு தோண்டிவிட்டார்கள். வெட்ட வந்த இருவரும் நிறைந்த டம்ளரோடு நின்றார்கள்.

"சபைச் சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா" என்றபடி உபதேசியார் குழி விளிம்பு வரை வந்தார்.

சாந்தம்மாள் நிமிரவில்லை. "ஜெபம் வாசிக்கதா இருந்தா புஸ்தகத்தத் தொறங்க. இல்லாட்டி தள்ளி நில்லுங்க, மண்ணு விழும்."

அவர் யோசித்தார். அவள் யோசிக்கவில்லை. அடுத்த வெட்டு மண் அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்தது.