ஐந்தடிச் சந்து

செலியமேட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஜெயசித்ரா ஸ்கூட்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். வண்டியில் பெட்ரோல் இருந்தது. டயரில் காற்றும் இருந்தது. வெயில்கூட அப்படியொன்றும் கொளுத்தவில்லை. போக மனசு வரவில்லை, அவ்வளவுதான். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று தோகையைச் சிந்திக்கொண்டே அவளைத் தாண்டிப் போனது. சும்மா நின்றால் தெரிந்தவர் யாராவது வந்து, இன்னா இங்க நிக்கிற என்று துளைத்தெடுத்துவிடுவார்கள். அதனால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யாரும் இல்லாமலே ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வயதில் இந்த நாடகம் தேவையா என்று அவளுக்கே தோன்றியது.

அவள் பார்க்கப் போவது தங்கவேலை. கணவன் தமிழ்க்குமரனுக்குச் சித்தப்பா முறை, ஆகவே அவளுக்கு மாமா. அந்த மாமா அவளோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. கல்யாண வீடுகளில் எதிர்ப்பட்டால் பந்தல் துணியில் ஏதோ ஓட்டை இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய்விடுவார். அப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஒரு உதவி கேட்க வேண்டும். வேறு வழி இருந்திருந்தால் இந்தத் திருப்பத்தைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

வில்லியனூரில் சார்லஸ் சாருடைய ஆபீசில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது டிப்ளமோ மட்டும்தான் முடித்திருந்தாள். அப்புறம் மாலைக் கல்லூரியில் படித்து பி.இ. வாங்கினாள். அளவெடுப்பது, பிளான் வரைவது, வெயிலில் நின்று கம்பி கட்டியதைச் சரிபார்ப்பது, கலவையில் தண்ணீர் கூடிவிட்டதென்று மேஸ்திரிகளோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அவள். கடைசியில் பிளானின் மூலையில் விழும் முத்திரை மட்டும் சாருடையது. பதிவு பெற்ற பொறியாளர் அவர்தானே. அவர் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. "சொந்தமா ரிஜிஸ்டர் பண்ணிக்கம்மா, நான் எழுதித் தரேன்" என்று அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பிள்ளையின் பரீட்சை, மாமியாரின் ஆஸ்பத்திரி என்று அவள்தான் தள்ளிப்போட்டாள். இப்போது சாருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. திருச்சியில் இருக்கும் மகளிடம் போகப்போகிறார், மாசக் கடைசியோடு ஆபீசை மூடுகிறார். பதிவு கிடைக்காவிட்டால் இன்னொருவர் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி தேடிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த இன்னொருவர் அவளைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். அவரையும் சார் என்று கூப்பிட வேண்டும்.

விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. ஒரு தடவை சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல், இன்னொரு தடவை போட்டோவின் பின்புலம். மூன்றாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. நகரமைப்பு அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் நல்ல மாதிரி, நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேசினார். "உங்க மேற்பார்வையில கட்டின வீடு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க மேடம். அப்ரூவ் ஆன பிளான்ல இருக்கிற மாதிரியே இருக்கணும். வெள்ளிக்கிழமை வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். படி இறங்கும்போது ஜெயசித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பஸ் ஏறுவதற்குள் அழுகையாக மாறிவிட்டது. பிளானில் இருக்கிற மாதிரியே இருக்கிற வீட்டுக்கு அவள் எங்கே போவாள்? இந்தப் பக்கத்தில் பிளான் என்பது கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு. வீடு வீட்டுக்காரருக்கு. இரண்டு பக்கமும் காலியிடம் விட்டு வரைந்து கொடுத்தால், அனுமதி வந்த மறுநாளே அந்தக் காலியிடத்தில் நூல் கட்டி அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள். கரியமாணிக்கத்தில் அவள் ஆசை ஆசையாக வரைந்த வீட்டின் முன்வராண்டா இப்போது மளிகைக்கடை. பண்டசோழநல்லூரில் வீட்டுக்குள் இருக்க வேண்டிய மாடிப்படி தெருவில் நிற்கிறது. கரியமாணிக்கத்துச் சிங்காரவேலுவுக்கு அவள்மேல் உண்மையான பிரியம். "ஆபீசரு வர்ற அன்னிக்கி கடைய மூடிட்டு முன்னால பந்தல் போட்டு மறச்சிடலாம்மா. காதுகுத்துன்னு சொல்லிக்கலாம், யாரு கேக்கப்போறா?" என்றார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். மறைத்துக் காட்டி வாங்குகிற பதிவை வைத்துக்கொண்டு நாளைக்கு எந்த மேஸ்திரியை அவள் அதட்ட முடியும்?

யோசித்து யோசித்துக் கடைசியில் மிஞ்சியது ஒரே வீடு. அது மாமாவின் வீடு.

அந்த வீடு பிளானில் இருக்கிறபடி நின்றதற்குக் காரணமும் அவள்தான். அஸ்திவாரம் தோண்டிய அன்றைக்குப் பக்கிரி மேஸ்திரி வேலி ஓரமாக நூல் கட்டிவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்திருந்தான். வலது பக்கம் விட வேண்டிய ஐந்தடியையும் சேர்த்து, மகன் மணிபாரதிக்கு ஒரு அறை எடுத்துவிடலாம் என்பது தங்கவேலின் கணக்கு. புருஷன் வீட்டுச் சொந்தம், முதல் முதலாகத் தனியாக நின்று பார்க்கும் வேலை, இதிலேயே விட்டுக்கொடுத்தால் ஊர் முழுக்க விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஜெயசித்ராவுக்கு ஒரு வீறாப்பு. நேராகப் போய் நூலை அவிழ்த்துப் பந்தாகச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிளானில் இல்லாத சுவர் எழுந்தால் சார்லஸ் சார் வேலை முடிந்ததற்கான சான்றிதழ் தர மாட்டார், கரண்ட் வராது என்றாள். தங்கவேல் அண்ணன் மருமகளைப் பார்த்தார், கூலியாட்களைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஐந்தடி சந்தாக நின்றது. வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன் எந்தப் பிளானும் இல்லாமல் ஒட்டிச் சுவர் எழுப்பி, தன் மாடித் தண்ணீரையும் சந்துக்குள்ளேயே இறக்கிவிட்டான். மணிபாரதிக்குக் கல்யாணமானபோது தனி அறை இல்லையென்று வீட்டில் முணுமுணுப்பு தொடங்கியது. முணுமுணுப்பு சண்டையாகி, அவன் பெண்டாட்டி லில்லியைக் கூட்டிக்கொண்டு வில்லியனூரில் வாடகைக்குப் போனான். அந்தப் பெண் வேறு சாதி, வேறு மதம். அந்த முணுமுணுப்பில் அறைக்கு எவ்வளவு பங்கு, மற்றதற்கு எவ்வளவு பங்கு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. சந்தின் மேல் பழி போடுவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. "அந்த அஞ்சடிதான் எம்புள்ளய வெளிய தள்ளுச்சி" என்று தங்கவேல் சொன்னதாகத் தமிழ்க்குமரன் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

வாசலில் கலியம்மாள் அத்தை உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முறம் நின்றது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "இந்தாங்க, சித்ரா வந்துக்குது" என்று குரல் கொடுத்தாள். பதில் வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை. வலது பக்கத்திலிருந்து, கரண்டியால் செங்கல்லைத் தட்டும் சத்தத்துக்கு நடுவே, "இங்க வரச்சொல்லு" என்று வந்தது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாததா?

சந்தில் சுவர் எழுந்துகொண்டிருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை, நாலைந்து வரிசைதான். சிமெண்டு இன்னும் ஈரமாக இருந்தது. பக்கிரி நிமிர்ந்து பார்த்து, தாடி நரைத்த முகத்தோடு சிரித்தான். "அன்னிக்கி நிறுத்தன எடத்துலேருந்தே ஆரம்பிச்சிட்டோம்மா" என்றான். தங்கவேல் அவனை முறைத்தார். அவர் மெலிந்திருந்தார். சுவரோரம் அட்டைப்பெட்டியில் ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ், அதன்மேல் கண்பட்டுவிடும் என்பதுபோலப் பழைய புடவைத் துண்டு ஒன்று போர்த்தியிருந்தது.

"இன்னா சேதி?" என்றார் தங்கவேல், செங்கல்லைப் பார்த்து.

ஜெயசித்ரா சொன்னாள். விண்ணப்பம், சார் ஊரைவிட்டுப் போவது, வெள்ளிக்கிழமை, ஆபீசர். சொல்லும்போதே தன் வார்த்தைகள் அந்த ஈரச் சுவரில் போய் முட்டி விழுவது தெரிந்தது. "இந்த வூடு ஒண்ணுதான் மாமா பிளான் பிரகாரம் இருந்திச்சி" என்று முடித்தாள். இருந்திச்சி என்று தன் வாயாலேயே வந்தது அவளுக்கு வலித்தது.

பக்கிரி கரண்டியைக் கீழே வைத்தான்.

"மேல ஒரு ரூம் எடுத்திருக்கலாமே மாமா?"

"கால்ல கம்பி வெச்சிருக்காங்க. எந்த மாடி ஏறுவான்?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது லாரி இடித்து மணிபாரதிக்குத் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். திங்கட்கிழமை அனுப்புகிறார்கள். லில்லி ஒற்றை ஆளாக எத்தனை நாளைக்குத் தூக்குவாள்? "இங்கயே வந்துடறோம் மாமா, ஒரு கக்கூஸ் மட்டும் கட்டுங்கன்னு அந்தப் பொண்ணே வாய்வுட்டுக் கேட்டுச்சி" என்று பின்னால் வந்து நின்ற கலியம்மாள் சொன்னாள். "இருக்கிற கக்கூஸு தோட்டத்துக் கடைசில கீது. நொண்டிக்கினு எப்பிடிப் போவான்? நீயே சொல்லு."

சரியாகவே இருந்து இருந்து ஜெயசித்ராவுக்கு அலுத்துப்போயிருந்தது. இவர்களிடம் போய் நிறுத்துங்கள் என்று எந்த வாயால் சொல்வது? நான் வரேன் அத்தை என்று திரும்பினாள். பையின் வார் தோளில் அறுத்தது.

"இரு" என்றார் தங்கவேல். அவர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், கலைந்த தலை, மூன்று முறை போய்வந்த ஃபைல். என்ன தெரிந்ததோ, குரல் இறங்கியது. "நாலு வரிசைதான வெச்சிருக்கு. எடுத்துடலாம். வெள்ளிக்கெழம அவரு பாத்துட்டுப் போவட்டும். சனி, ஞாயிறுல திருப்பிக் கட்டிக்கறோம். இன்னாடா பக்கிரி?"

"ஈரமாத்தான் கீது. சுளுவா வந்துடும்."

"கக்கூஸு பெட்டிய உள்ள தூக்கி வெச்சிடு கலியம்மா. அவரு கண்ணுல படவேணாம்."

பேச்சில்லாமல் இருந்த அத்தனை வருஷத்தையும் அவர் ஒரு வாக்கியத்தில் கடந்து வந்துவிட்டார். சிங்காரவேலுவின் பந்தலை வேண்டாமென்று சொன்னவள்தான் ஜெயசித்ரா. ஆனால் இந்த மனுஷன் தூக்கிக் கொடுப்பதை எப்படி வேண்டாமென்பது? சரி மாமா என்று சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பக்கிரி குனிந்து மேல்வரிசைச் செங்கல்லைப் பெயர்க்கத் தொடங்கினான். ஒவ்வொன்றாகச் சிமெண்டை வழித்து அடுக்கினான்.

கடைசி வரிசையும் வந்தது. அடியில் மண் தெரிந்தது. ஜெயசித்ரா பார்க்க வேண்டாமென்றுதான் நினைத்தாள். கண் போய்விட்டது. சந்து மண் கறுத்து, நசநசவென்று ஊறிக் கிடந்தது. பக்கத்து மாடியின் குழாய் நேராக அங்கேதான் இறங்கியது. மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துச் சும்மா ஒரு குத்து விட்டாள். வெண்ணெயில் போவதுபோல் போனது.

"எவ்ளோ தோண்டனீங்க?"

பக்கிரி தலையைச் சொறிந்தான். "ரெண்டு சாணு இருக்கும். கக்கூஸுதானம்மா, நிக்கும்."

"மேல காங்கிரீட்டு போடப்போறீங்க இல்ல?"

"போடணும்."

அவள் கடப்பாரையைப் பிடுங்கவில்லை. மணிபாரதி உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது கண்முன் வந்தது. கம்பி வைத்த கால். ஒரே ஒரு நல்ல மழை போதும். வாயை மூடிக்கொண்டு போனால் வெள்ளிக்கிழமை கையெழுத்து விழும். சனிக்கிழமை இவர்கள் அவசர அவசரமாக இதே ரெண்டு சாணில் கட்டி முடிப்பார்கள். திங்கட்கிழமை அவன் வந்துவிடுவான்.

"தோண்டுங்க" என்றாள். "கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் போவணும். அந்தக் கொழாத் தண்ணிய மொதல்ல வாசப்பக்கம் திருப்பி வுடணும்."

"செஞ்சிடலாம். ஆபீசரு வந்துட்டுப் போனப்பறம்…"

"அப்பறம் நாளு பத்தாது மாமா. ஈரம் காயணும், ஜல்லி கெட்டிக்கணும். இன்னிக்கே தோண்டணும்."

தங்கவேல் அவளைக் குழப்பத்தோடு பார்த்தார். "குழி தோண்டி வெச்சிருந்தா அவரு கேப்பாரேம்மா."

"கேப்பாரு."

"நீ இன்னா சொல்லுவ?"

ஃபைல் பையை ஜன்னல் கம்பியில் மாட்டினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரமண்ணில் இறங்கினாள். குளிர்ச்சி கணுக்கால் வரை ஏறியது. பக்கிரியின் சட்டைப்பையிலிருந்து நூல்கண்டை வாங்கி, ஒரு முனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு மறுமுனையைத் தங்கவேலிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சுவரை உரசியபடி, சந்தின் அந்தக் கோடிக்கு நடந்து போனார்.

"எங்க புடிக்கணும்?" என்று அங்கிருந்து கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்கி, இழுத்துப் புடிங்க மாமா."

நூல் தொய்வு நீங்கி எழுந்து விறைத்தது.