கப்புச்சினோ கேட்காத மனிதர்

பொலோன்யா நகரத்தாருக்கும், இரண்டே நாளில் இந்த நகரைப் பார்த்து, தின்று, முடித்துவிட்டுப் போக விமானம் ஏறி வரும் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சினோ கேட்பவர் வெளியூர்க்காரர். பால் கலந்த காப்பி காலையோடு சரி. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தானோ என்னவோ, இத்தாலியில் யாரும் மீறாத சட்டம் இது ஒன்றுதான்.

இதன் காவலர் லோரிஸ். இரட்டைக் கோபுரத்துக்குப் பின்சந்தில் உணவகம் வைத்திருக்கிறார். மூன்று மணிக்குக் கப்புச்சினோ கேட்பவரை அவர் பார்க்கும் பார்வையிலேயே பால் திரிந்துவிடும்.

கடையின் பெருமை டோர்டெலினி: விரல்நுனியில் மடித்த மாவுப் பொட்டலம், உள்ளே இறைச்சி, சுற்றிலும் கோழிச்சாறு. தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் அவர் மனைவி ஓர்னெல்லா மாவு தேய்ப்பார். பயணிகள் அதைப் படமெடுத்துவிட்டு உள்ளே வந்து சாப்பிடுவார்கள். ஆனால் குளிர்காலத்தில் ஓர்னெல்லாவின் தோள் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து அவர் நாள் முழுக்கத் தேய்ப்பது ஒரே மாவைத்தான். தட்டில் விழுவது ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையிலிருந்து அட்டைப்பெட்டியில் வருகிறது. பின்கதவோரம் தினமும் சாப்பிட உட்காரும் எனக்கு இது தெரியும். நான் வாயைத் திறக்காததால்தான் எனக்கு அந்த மேசை.

இப்படி இருக்கையில், வணிகர் சங்கம் ‘கையால் செய்தது’ என்று பித்தளைப் பட்டயம் தரப்போவதாகவும், நடுவர் சொல்லாமல் வருவார் என்றும் செய்தி பரவியது. கிடைத்தால் வாசலில் வரிசை நிற்கும். பிடிபட்டால் ஊரே சிரிக்கும்.

சனிக்கிழமை ஒருவர் தனியாக வந்தார். கோபுரத்தைப் படமெடுக்கவில்லை. டோர்டெலினியை விரலால் சுட்டிக் காட்டி, உடைந்த இத்தாலிய மொழியில் கேட்டு, கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டார். கடைசியில் கருப்புக் காப்பி, அதுவும் உள்ளூர்க்காரர் மாதிரி நின்றுகொண்டே. லோரிஸ் வெளிறிப்போய் என் மேசைக்கு வந்தார்.

“வாத்தியாரே, கப்புச்சினோ கேக்கல பாத்தீங்களா?”

நான் பள்ளிக்கூடம் எதிலும் வேலை பார்த்ததில்லை. கண்ணாடி போட்டவரெல்லாம் இந்த ஊரில் வாத்தியார்தான். அந்த ஆள் பேசிய இத்தாலிய மொழி வெளிநாட்டுக்காரருடையது மாதிரி இருக்கிறதே என்றேன்.

“அதான் வேஷம். என்னமா பேச்சைக் கொன்னு வச்சிருக்கான் பாருங்க.”

அதற்குள் அவர் கண்ணாடியருகே போய் ஓர்னெல்லாவின் கைகளை வெகுநேரம் பார்த்தார். ஓர்னெல்லா அதே மாவைத் திருப்பிப் போட்டார். நாளைக்கும் வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு அவர் போனார்.

யாரென்று கேட்டுவிட்டால் போயிற்று என்றார் ஓர்னெல்லா. கேட்டால் பயந்தது தெரிந்துவிடும் என்றார் லோரிஸ். கையால் செய்தே தீருவது என்று முடிவானது.

“எந்தக் கையால? என் தோளு ஒனக்குத் தெரியாதா? அவ்வளவு ஆசைன்னா நீயே மடி.”

ஞாயிறு காலை லோரிஸ் மடித்தார். ஒவ்வொன்றும் கழுதைக் காது மாதிரி வந்தது.

மதியம் கடை நிறைந்திருந்தது. அந்த மனிதர் ஒன்றை வாயில் போட்டு, மென்று, கரண்டியைக் கீழே வைத்தார்.

“நேற்று, நல்லா. இன்று, மாவு... வேகல.”

இதற்கு மேல் தாங்க லோரிஸால் முடியவில்லை. நேற்றுத் தின்றது தொழிற்சாலைச் சரக்கு, இன்று தின்பது தன் கைச் சரக்கு, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது வெறும் காட்சி என்று கடை முழுக்கக் கேட்கும்படி கொட்டித் தீர்த்தார். பக்கத்து மேசைகளில் கரண்டிகள் நின்றன. ஒரு ஜெர்மன் குடும்பம், எடுத்த படத்தை அழித்தது. ஓர்னெல்லா மாவு தேய்க்கும் கட்டையை வைத்துவிட்டு வந்து, தோளைத் தேய்த்தபடி, குளிர்காலத்துக்குப் பிறகு முதல்முறையாக நிம்மதியாக உட்கார்ந்தார்.

“போதுமா சார்? எழுதிக்கோங்க. பட்டயத்த எதிர்க்கடைக்கே குடுத்துடுங்க.”

அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. தான் போலந்தில் டிராம் ஓட்டுபவர் என்றும், டிக்கெட் மலிவாகக் கிடைத்ததால் இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வந்தவர் என்றும் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அவர் மனைவியும் வீட்டில் மாவு மடிப்பாராம். அதனால்தான் நின்று பார்த்தாராம்.

“அப்ப ஏன்யா நேத்து கப்புச்சினோ கேக்கல?”

பால் குடித்தால் அவருக்கு வயிற்றால் போகும்.