பத்தாவது கொடி

ஸ்வீட்லின் டீச்சர் எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாலும் பதினொன்றுதான். அம்பாசமுத்திரத்து ஆற்றங்கரைக்கு அவள் கூட்டி வந்தது பன்னிரண்டு பிள்ளைகளை.

எல்லாம் அவளே ஒரு செயலியில் செய்த ஏற்பாடு. செல்போனை ஆற்றுப் பக்கம் பிடித்தால் திரையில் சிவப்புக் கொடிகள் நிற்கும். கொடியிடம் போய்ச் சேரும்வரை, பதிவு செய்து வைத்த அவள் குரல் காதுக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்ததும் பாடம் சொல்லும். சித்திரையில் ஆறு எலும்பும் தோலுமாய்க் கிடந்தபோது மணலில் நடந்தே பத்து இடங்களையும் குறித்தாள். பத்தாவது, நடு ஆற்று மணல் திட்டில். கார் நெல் சாகுபடிக்கு ஆனியில் ஆறு நிறைய தண்ணீர் வரும் என்று போன வாரம்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டாள். எழுதிய கைக்கு உறைக்கவில்லை.

காலையில் தண்ணீரைப் பார்த்ததும், "பத்தாவது கொடிக்கு யாரும் போகக் கூடாது" என்றாள். டீச்சர் புத்தி! வாயால் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டாள். முத்துராணி அப்போதே இயர்போனை மாட்டியிருந்தாள்.

"டீச்சர், அங்கன பாருங்க!" என்று கத்தினார் விளையாட்டு வாத்தியார் கிருபைராஜ்.

முழங்கால் தண்ணீரில் முத்துராணி போய்க்கொண்டிருந்தாள். முகத்துக்கு நேரே போன். அவளுக்கும் திட்டுக்கும் நடுவே மணல் அள்ளிய பள்ளம், ஆள் ஆழம்.

"ஏட்டி முத்துராணி, நில்லு!"

அவள் திரும்பவில்லை. அவள் காதில் என்ன கேட்கிறது என்பது ஸ்வீட்லினுக்கு மனப்பாடம்.

கிருபைராஜ் செருப்போடு தண்ணீரில் இறங்கி ஓடினார். அவர் போய்ச் சேர ஐம்பது அடி. பள்ளத்துக்குப் பத்தடிகூட இல்லை.

பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்க மனசில்லாமல் ஸ்வீட்லின் தன் போனைப் பார்த்தாள். பத்தாவது கொடி. நீக்கு. வியர்வை விரல் வழுக்கியது. 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது அந்தச் சனியன். அழுத்தினாள். வட்டம் சுற்றியது. தண்ணீர் முத்துராணியின் இடுப்புக்கு ஏறியிருந்தது. ஏசப்பா, ஏசப்பா. வட்டம் இன்னும் சுற்றியது.

முத்துராணி நின்றாள். கொடியைக் காணோம் என்று போனை இறக்கினாள். அப்போதுதான் சுற்றிலும் ஓடும் தண்ணீரைப் பார்த்து அலறினாள். கிருபைராஜ் அவள் கையை எட்டிப் பிடித்துவிட்டார்.

கரையேறியவளை அடிக்கக் கை ஓங்கிய ஸ்வீட்லின், கட்டிக்கொண்டு அழுதாள். "போகக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா ஏட்டி?"

முத்துராணிக்குப் பல் தந்தியடித்தது. ஈரம் சொட்டிய இயர்போனை நீட்டினாள்.

"நீங்கதான டீச்சர் கூப்பிட்டிய? பயப்படாம வா, இன்னும் பத்தடிதான்னு."