தொண்டையில் இறங்கிய தண்ணீர்

ஜூலியானாவுக்கு எல்லாமே தலைகீழ்ப் பாடம். இங்கிலீஷ் டிக்டேஷன், பெருக்கல், பூகோளம் எதைக் கேட்டாலும் பட்டென்று சொல்வாள். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா பீட்டர், காய்ச்சலில் போய்ச் சேரும்வரை பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. வராதது நிதானம் ஒன்றுதான். பரீட்சை என்று காதில் விழுந்தாலே கை நடுங்கும்.

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் சம்பளம் கட்டாமல் படிக்க ஒரே ஓர் இடம் இருந்தது. நுழைவுப் பரீட்சையில் முதலாவதாக வருகிறவளுக்கு அது. கிடைக்காவிட்டால் தாய்மாமன் இராயப்பனோடு அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குப் போய்ப் பால்மரம் வெட்ட வேண்டியதுதான். மாமன் ஒன்றும் கல்நெஞ்சுக்காரன் இல்லை. "வீட்டுக்காரர் போயிட்டாரு. பிள்ளைய வச்சிக்கிட்டு டவுன்ல எப்படிக்கா சமாளிப்பே?" என்று உள்ளதைத்தான் கேட்டான்.

அம்மா அமலம்மாளுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். முந்தின நாள் சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். மறுநாள் விடியற்காலைப் பூசையில், ஆண்டவரின் உடலென்று சுவாமியார் நாக்கில் வைக்கும் அப்பமான நன்மையை வாங்கிக்கொண்டு நேரே பரீட்சைக்குப் போய்விட வேண்டும்.

"ஆண்டவரே உள்ள வந்துட்டா நடுக்கம் எங்கேடி நிக்கும்?" என்றாள்.

நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருசந்தி இருக்க வேண்டும். இப்படி வயிற்றைக் காயப்போட்டா ஒரு குழந்தையைப் பரீட்சைக்கு அனுப்புவது என்று அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

அன்று காலை ஜூலியானா பைப்படியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம்டி, கோவில் மணி அடிச்சாச்சு!" என்று அம்மா பின்னாலிருந்து சத்தம் போட்டாள். பிள்ளை திடுக்கிட்டதில், வாயிலிருந்த தண்ணீரில் கொஞ்சம் தொண்டையில் இறங்கிவிட்டது.

ஞானோபதேச வகுப்பில் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஒருசந்தியை முறித்துவிட்டு நன்மை வாங்குவது சாவான பாவம், அப்படியே செத்தால் நரகம். அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்தாள். ஆனால் அம்மாவின் முகத்தில், அப்பா போனதிலிருந்து காணாத தெளிவு இருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நன்மை வாங்காமல் பின்தங்கினால் கோவிலில் இருக்கிற பெண்கள், என்ன செய்தாளோ என்று அம்மாவைத்தான் பார்ப்பார்கள். அம்மாவோடு போய் முழங்காலிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு நாக்கை நீட்டினாள்.

பரீட்சை அறையில் கன்னியாஸ்திரி கேள்வித்தாளைக் கொடுத்தார். ஜூலியானா மேலிருந்து கீழ்வரை படித்தாள். அவளுக்குத் தெரியாத கேள்வி ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்ததும்தான் பயம் வந்தது. செய்த பாவத்துக்குப் பரிசாக இந்த இடத்தையும் வாங்கிக்கொண்டால் ஆண்டவர் சும்மா விடுவாரா? அப்பாவைக் கொண்டுபோனவர் அடுத்து அம்மாவைக் கொண்டுபோனால்?

பேனா பிடித்த கை ஆடியது. தாளில் மை சொட்டியது.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். இடம் எனக்கு வேண்டாம் ஆண்டவரே, அம்மாவை விட்டுவிடும். பேனாவைக் கீழே வைத்தாள். அந்த நிமிஷமே நடுக்கம் நின்றது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு அமைதியை அவள் அறிந்ததில்லை. மணி அடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் தாளை எடுத்துக்கொண்ட கன்னியாஸ்திரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

செய்தி தெரிந்ததும் அமலம்மாள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. "ஒண்ணுமே எழுதலையாமே. ஏண்டி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "நன்மை வாங்கியும் ஆண்டவர் நம்மள கைவிட்டுட்டாரே" என்று அவள் சுவரைப் பார்த்து அழுதாள்.

சனிக்கிழமை மாமன் வந்தான். தோட்டத்துக்குப் போகக் கப்பலடிக்கு நடக்கிற வழியில் கோவிலுக்குள் நுழைந்தார்கள். மூட்டையோடு அம்மாவும் மாமனும் வாசலில் நிற்க, ஜூலியானா சுவாமியார் உட்கார்ந்திருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பலகையடியில் முழங்காலிட்டு, தண்ணீர் விழுங்கியதையும் நன்மை வாங்கியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எழுதாமல் வந்ததைச் சொல்லவில்லை. அது பாவம் இல்லையே, பரிகாரம்தானே.

பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த பிரெஞ்சுக்காரச் சுவாமியார் மெல்லச் சிரித்தார்.

"வாய் கொப்பளிக்கும்போது தெரியாமல் உள்ளே போனதா மகளே? அதனால் ஒருசந்தி முறியாது. நீ பாவமே செய்யவில்லை. சமாதானமாய்ப் போ."

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. பாவமாகவே இருந்திருக்கக் கூடாதா? இருந்திருந்தால் அந்த வெறும் தாளுக்கு ஓர் அர்த்தமாவது இருந்திருக்கும்.

வெளியே வந்தவளைப் பார்த்து அம்மா கேட்டாள். "இம்புட்டு நேரம் என்னடி சொன்னே? சாமியார் என்ன சொன்னாரு?"

"நான் பாவமே செய்யலையாம், அம்மா" என்றாள் ஜூலியானா.

அமலம்மாள் பெருமூச்சு விட்டாள். "அதுவாவது நல்லபடியா இருக்கே" என்று மூட்டையைத் தூக்கி மகள் தலையில் வைத்தாள்.