கோய்த்துறை தாண்டும்போது

ஒரபின், இறந்துபோன அப்பாவின் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தாள். சுட்டுவிரல் மட்டும் படியவில்லை, விட்டால் மடங்கிக்கொண்டது. நாலு மணிக்கு ஊர் ஜனம் வந்துவிடும். வரிசையாக வந்து இந்த உள்ளங்கையில் மல்லிகை மிதக்கும் தண்ணீரை ஊற்றி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குள் கை விரிந்திருக்க வேண்டும்.

"வெதுவெதுன்னு துணி நனைச்சு ஒத்தடம் குடுடி. முப்பத்தஞ்சு வருஷம் கடுதாசி பிடிச்ச கை, சொன்னதும் விட்டுருமா?" என்றாள் சமாங் அத்தை. அப்பாவுக்கு ஒரே தங்கை. காலையிலிருந்து அழுது முடித்துவிட்டு இப்போது எல்லோரையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா தோங்யூ விடிகிற நேரத்தில் ஆற்றைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே, யாரையும் எழுப்பாமல் போய்ச் சேர்ந்திருந்தார். அறுபத்து நாலு வயது. அயுத்தயாவில் ஹுவா ரோ தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தவர். உறையில் ஊர்ப் பேரைப் பார்த்த மாத்திரத்தில் கடிதம் அதற்கான பெட்டிக்குப் பறக்கும். வீட்டில் எந்தக் காரியத்திலும் அவர் அந்த வேகத்தைக் காட்டியதில்லை.

அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பனையோலை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அதையும் விட்டு விட்டுத்தான்.

வாசல் படியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அச்சகக்காரர் விச்சித், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, பிணத்தின் முன்னால் விழுந்து வணங்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

"துக்க வீட்டுல அவசரப்படுத்தறேன்னு நெனைக்காதம்மா ஒரபின். வியாழக்கிழமை எரியூட்டுறதா இருந்தா இன்னிக்கே அச்செழுத்து கோக்க ஆரம்பிக்கணும். முந்நூறு பிரதி, அட்டை, தையல், எல்லாம் நாலு நாள்ல."

"ஒரு நாள் தள்ளினா?" என்றாள் ஒரபின்.

"வெள்ளிக்கிழமையா? நல்லா சொன்ன போ."

சொன்ன பிறகுதான் ஒரபினுக்கே உறைத்தது. வெள்ளிக்கிழமையின் பேரும் சுகம் என்ற சொல்லும் இங்கே காதுக்கு ஒன்றுதான். சுகத்தன்று யாரும் பிணம் எரிப்பதில்லை. ஒரு பேரில் இரண்டு பொருள் இருந்துவிட்டால் அதற்குப் பயந்து நடக்கிற ஊர் இது.

எரியூட்டுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ஆளுக்கொரு புத்தகம் கொடுக்க வேண்டும். இறந்தவரின் படமும் வாழ்க்கையும் முன்னால் இருக்கும். பின்னால் அவரவர் தகுதிக்கு ஏதாவது. துறவிக்கு உபதேசம், சமையல்காரிக்குச் சமையல் குறிப்பு. தன் புத்தகத்துக்கு என்ன என்பதை அப்பா போன மாதமே சொல்லிவிட்டார். தகரப் பெட்டியின் அடியில் ஒரு நோட்டு இருக்கிறது, நான் எழுதின நிராத், அதைப் போடு, ஒரு வரிகூட விடாதே என்றார். நிராத் என்றால் பிரிவுப் பாட்டு. யாத்திரை போகிறவன் வழியில் வருகிற ஒவ்வொரு ஊர்ப் பேரையும் பிடித்துத் திருகி, விட்டு வந்தவளை நினைத்துப் புலம்பிக்கொண்டே போவான். தபால்காரருக்கு ஊர்ப் பேருக்கா பஞ்சம் என்று அன்று சிரித்தாள். சரி என்று வாக்கும் கொடுத்தாள்.

நோட்டை இன்று காலையில்தான் படித்தாள். படித்ததிலிருந்து அது அவள் இடுப்பில் செருகியே இருக்கிறது.

"ஒரு அரை மணி குடுங்க," என்று விச்சித்திடம் சொல்லிவிட்டு, அத்தையைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தை, இதுல ஒரு பொம்பளை வர்றா."

"வராம? நிராத்துன்னா ஒருத்தி வந்தே ஆகணும். இல்லாட்டி எவளுக்காக அழுவுறது? துறவிங்க எழுதினாக்கூட ஒருத்தியைக் கற்பனை பண்ணிக்குவாங்களாம். அது ஒரு முறைடி. கல்யாண வீட்டுல வாழை மாதிரி."

"கற்பனைப் பொம்பளைக்கு வலது புருவத்துக்கு மேல மச்சம் இருக்குமா?"

அத்தை கஞ்சிப் பானையைக் கிளறுவதை நிறுத்தினாள். அவளைக் கேட்டிருக்கவே வேண்டாம். இந்த ஆற்றங்கரையில் மச்சக்காரி என்றால் ஒரே ஒருத்திதான்: கோய்த்துறை சலாவ். இப்போது அறுபது வயது, பேரன் பேத்தி எடுத்தவள், சந்தைக்கு வாத்து முட்டை கொண்டுவருகிறவள். வியாழக்கிழமை அவளும் வருவாள். அவள் கையிலும் ஒரு புத்தகம் கொடுத்தாக வேண்டும்.

"எந்த வருஷம் போட்டிருக்கு?" என்றாள் அத்தை மெதுவாக.

"நான் வயித்துல நாலு மாசம்."

அத்தை மறுபடி பானையைக் கிளற ஆரம்பித்தாள்.

ஒரபினுக்குக் கோபத்தில் கண் எரிந்தது. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பதும் தெரியும். அதனால் இன்னும் எரிந்தது. முந்நூறு பேர் இதைப் படித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தன் புருஷன் புத்தகத்தைத் தானே எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, எல்லோரும் ஏன் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று புரியாமல் கும்பிட்டுக்கொண்டு நிற்பாள். அதை நினைத்தபோது வாக்காவது ஒன்றாவது என்று தோன்றியது. பென்சிலை எடுத்துக் கோய்த்துறை வருகிற பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"ஒரபின்," என்று உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "அந்த நோட்டை எடுத்துட்டு இங்க வா. எனக்குப் படிச்சுக் காட்டு."

"இப்ப எதுக்கும்மா?"

"ஊரே படிக்கப்போவுது. எனக்குத் தெரிய வேணாமா?"

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரபின் படிக்க ஆரம்பித்தாள். விச்சித் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அத்தை கதவருகே நின்றாள். புத்தரின் பாதச் சுவட்டை வணங்க வருஷத்தின் மூன்றாம் மாதத்தில் புறப்பட்டது, கோட்டைச் சுவர் பின்னால் போனது, ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தில் மனமும் இரண்டானது. பாட்டு நன்றாகவே இருந்தது. அதுதான் ஒரபினுக்குப் பொறுக்கவில்லை. நாரத்தைக்குப் பேர்போன ஸோம் ஊர் வந்ததும், பழம் புளிக்கிறது, பிரிவு அதைவிடப் புளிக்கிறது என்று ஒரு பாட்டு. அதை முடித்துவிட்டு, குரல் மாறாமல் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினாள்.

"மிதக்கும் மண்டபம் ஸாலா லோய் வந்தது, மிதப்பது மண்டபமா என் நெஞ்சா…"

"நிறுத்து," என்றாள் அம்மா. "ஸோம் தாண்டினா ஸாலா லோயா?"

"அப்படித்தாம்மா எழுதியிருக்காரு."

"நடுவுல கோய்த்துறை இருக்கே. அதைத் தாண்டாம எப்படிடி வரும்? பறந்தா போனோம்?"

ஒரபின் நிமிர்ந்தாள்.

"போனோம்னா?"

"நானும் உங்கப்பாவும்தான். வேற யாரு?" விசிறியைக் கீழே வைத்தாள் அம்மா லமுன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இந்த ஆற்றில் தேங்காயும் பனைவெல்லமும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்றவள். "உங்கப்பா டவுன்காரரு. அவரு துடுப்புப் போட்டா படகு நின்ன இடத்துலயே சுத்தும். முன்னால உக்காந்து அவரு எழுதிட்டே வந்தாரு. பின்னால நின்னு நான் வலிச்சேன். ரெண்டு நாள். எதிர்த் தண்ணி."

"நான் வயித்துல இருக்கும்போதா?"

"நீ நல்லபடியா பொறக்கணும்னுதான் பாதத்துக்கே போனது."

நோட்டின் இருபத்தேழு பக்கத்தில் எங்கேயும் பின்னால் ஒருத்தி நிற்பதாக இல்லை. ஒரபின் காலையில் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தவள். தனியாகப் போகிறேன், தனியாகப் போகிறேன் என்றுதான் பாட்டுக்குப் பாட்டு வந்தது.

"கோய்த்துறையைப் படி," என்றாள் லமுன்.

"அண்ணி, விடுங்களேன்," என்றாள் அத்தை.

"நீ சும்மா இரு சமாங். சலாவ்தானே? எனக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு மொத நாளே நீதான் வந்து என்கிட்ட சொன்ன."

விச்சித் கூரையைப் பார்த்தார்.

ஒரபின் பக்கத்தைத் திருப்பி, பென்சில் கோட்டுக்கு அடியிலிருந்து படித்தாள். கோய் என்பது அந்தத் துறையில் நிற்கும் மரத்தின் பேர். குரலைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால் காத்திரு என்றாகிவிடும். யாரும் பிடித்துவிடக்கூடிய சிலேடைதான், அப்பாவும் பிடித்திருந்தார்.

*கோய்த்துறை வந்தது, காத்திரு என்றது மரம்;*
*புருவத்து மச்சத்தாள் காத்தாளோ, அறியேன்.*
*துடுப்புக்கு நெஞ்சில்லை, ஒரு கணம் நின்றிருந்தால்*
*கொடியில் காயும் துணி நிறமாவது கண்டு போயிருப்பேன்.*

படித்து முடித்ததும் அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது வரி," என்றாள் லமுன். "இன்னொரு தரம் படி."

படித்தாள்.

"பொய்."

அம்மா குரலை உயர்த்தவில்லை.

"நான் நிறுத்துனேன். மீன்வலை கட்டுற மூங்கில் நட்டிருந்தாங்க. அதை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு படகை நிறுத்துனேன். எதிர்த் தண்ணி இழுக்குது, வயித்துல நீ. நேரா அவ வீட்டுப் படித்துறை. மஞ்சத் துணி காஞ்சுது. ஒரு தடவை நல்லாப் பாத்துக்கட்டும், பாத்தா ஆசை தீந்துடும், அப்புறம் இந்தப் பக்கம் திரும்பிடுவாருன்னு நெனச்சேன். எனக்கு இருபத்திரண்டு வயசு. அப்படித்தான் நெனைக்கத் தோணுச்சு."

"அப்பா பாக்கலயா?"

"குனிஞ்சு எழுதிட்டிருந்தாரு. கூப்பிட எனக்கு வாய் வரல. கை மரத்துப்போச்சு. விட்டுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் நிறுத்துனது அவருக்குத் தெரியும்னுதான் இத்தனை வருஷமா இருந்தேன். சொல்லலியே தவிர, தெரியும்னு. அதை வச்சுத்தாண்டி அவரோட குடும்பம் நடத்துனேன்."

ஆற்றில் ஒரு விசைப்படகு போயிற்று. அதன் அலை வந்து வீட்டைத் தாங்கும் மரக்கால்களில் மோதி அடங்கியது.

"இந்தப் பாட்டை எடுத்துடலாம்மா," என்றாள் ஒரபின். "அவருக்குக் குடுத்த வாக்கை நான் பாத்துக்கறேன்."

"எதுக்கு எடுக்கணும்? அவரு எழுதுனது எல்லாம் வரட்டும். சலாவுக்கும் ஒண்ணு குடு, பாவம், படகு அவ வீட்டு முன்னால நின்னது அவளுக்கும் தெரியாது. அந்த ஒரு வரியை மட்டும் மாத்தச் சொல்லு."

விச்சித் தொண்டையைச் செருமினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. செத்தவரு பாட்டுல நாம கை வைக்கக் கூடாது. அதோட எதுகை போயிடும், அடுத்த பாட்டும் சரியும்."

"எதுகை போனா என்ன?"

"ஊருல சிரிப்பாங்க. அண்ணனுக்குப் பாட்டு எழுதத் தெரியலம்பாங்க."

லமுன் யோசித்தாள். அவரைப் பார்த்து ஊர் சிரிப்பதை அவள் எந்தக் காலத்திலும் விரும்பியதில்லை.

"அப்ப பக்கத்துல எழுது."

"அடிக்குறிப்பு மாதிரியா? போடலாமே. கீழ சின்ன எழுத்துல." விச்சித் நோட்டை வாங்கிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். தொழில் விஷயம் வந்ததும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. "'இவ்விடத்தில் படகு நிறுத்தப்பட்டது.' சரியா?"

"யாரு நிறுத்துனா?"

"அது… நிறுத்தப்பட்டதுன்னா…"

"தானா நின்னுச்சா?"

விச்சித் அடித்துவிட்டு மறுபடி எழுதினார். "'இவ்விடத்தில் லமுன் படகை நிறுத்தினாள்.'"

"எவ்வளவு நேரம்னும் போடு."

"எவ்வளவு நேரம்க்கா?"

இதற்குத்தான் அவளுக்கு நேரம் பிடித்தது. வலது கையை விரித்துப் பார்த்தாள். அந்தக் கையைக் கேட்டுக்கொள்கிறவள் போல் இருந்தது.

"ஒரு வெத்தலை மென்னு துப்புற நேரம்," என்றாள்.

விச்சித் அதையும் எழுதி நோட்டை ஒரபினிடம் நீட்டினார். கீழே படித்துறையில் நாலு மணி ஆட்களின் முதல் படகு வந்து முட்டியது. அத்தை மல்லிகைத் தண்ணீர் எடுத்துவர ஓடினாள். ஒரபின் ஓரத்தில் எழுதியிருந்ததை ஒரு முறை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது.

"எனக்கு எதுக்குடி?" என்றாள் லமுன். "அவரு காதுல படி."

அவள் நகர்ந்து உட்கார்ந்து, தலைமாட்டில் மகளுக்கு இடம் விட்டாள்.