இருட்டுத் தட்டில் ஒரு வட்டம்

இருட்டில் வைத்த செல்கள் இந்த முறையும் செத்திருந்தால் அண்ணியின் மருந்துக்கு இன்றோடு சமாதி. டைரக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அண்ணி கெமிஸ்ட். ருத்தேனியம் என்கிற உலோகத்தை நடுவில் வைத்து அவள் கட்டிய செம்மஞ்சள் பொடி, புற்றுக்கட்டிக்குள் போய்ச் சாதுவாக உட்கார்ந்திருக்கும். டாக்டர் அந்த இடத்தில் மட்டும் நீல விளக்கை அடித்தால் விழித்துக்கொண்டு புற்றுச் செல்களைத் தீர்த்துக்கட்டும். ஒளி படாத இடத்தில் ஒன்றும் செய்யக் கூடாது. அதுதான் அதன் ஒரே பெருமை.

அந்தப் பெருமைதான் இரண்டு முறை கவிழ்ந்துவிட்டது. மருந்து ஊற்றி, அலுமினியத் தாளில் சுற்றி, இன்குபேட்டர் இருட்டில் வைத்த தட்டிலும் செல்களில் கால் பங்கு காலி.

செல்களை வளர்ப்பவள் அவளுடைய நாத்தனார். ஆய்வகத்தில் எல்லோருக்கும் செல்லம்மா.

“உன் செல்லுங்கதான் நோஞ்சான். தும்மினாலே செத்துடும்” என்றாள் அண்ணி.

“மருந்து விஷம்னு ஒத்துக்க மனசு வரல, என் பிள்ளைங்களைக் குறை சொல்றீங்க. எங்க அண்ணன் பாவம், வீட்லயும் இதே கதைதான்.”

“உங்க அண்ணனை இதுல இழுக்காத.”

“இழுக்கல. நீங்க கொஞ்சம் தள்ளுங்க.”

செல்லம்மா வழக்கமாகச் செல்களைச் சுரண்டி மெஷினில் போடுவாள். அது எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று ஒரே ஓர் எண்ணைத் துப்பும். இன்று ரோஷம் வந்துவிட்டது. தன் செல்கள் நோஞ்சானா இல்லையா என்று கண்ணாலேயே காட்ட நினைத்து, இருட்டில் வைத்த தட்டைக் கழுவி, ஊதாச் சாயம் ஊற்றினாள். செத்தவை தண்ணீரோடு போய்விடும். உயிரோடு ஒட்டியிருப்பவை ஊதாவாக நிற்கும்.

ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

தட்டு முழுக்க அடர்த்தியான ஊதா. நடுவில் மட்டும் நாணயம் அளவுக்கு வழுக்கை.

“அண்ணி, விஷம்னா தட்டு பூரா கொல்லணும். எந்த விஷம் காம்பஸ் வச்சு வட்டம் போட்டுக் கொல்லுது?”

தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து அதன் பல்பைப் போட்டாள். கீழே விழுந்த ஒளி வட்டம் அந்த வழுக்கையின் மேல் பானைக்கு மூடி மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது.

“யாரோ தாளைப் பிரிச்சு இதுல வச்சுப் பார்த்திருக்காங்க. நான் பார்க்கல. இந்த ரூம் சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு.”

அண்ணி கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

“சும்மா... உயிரோட இருக்கான்னு பார்க்கத்தான்.”

“ஒரு தடவையா?”

“நீ சாப்பிடப் போறப்பல்லாம். நகர்த்தக்கூடப் பயந்துக்கிட்டு நடுவுலயேதான் பார்த்துட்டிருந்தேன்.”

“அடக் கடவுளே! கொலைகாரி நீங்கதானா?”

“திட்டுறதுன்னா வீட்ல வச்சுத் திட்டு. தட்டு கை தவறி விழுந்துடுச்சுன்னு சொல்லி, இன்னொரு வாய்ப்பு கேட்டா தரமாட்டாரா?”

“தரமாட்டாரு. உண்மையைச் சொன்னா மருந்து பிழைக்கும், சொல்லலன்னா உங்க மானம் பிழைக்கும். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

அண்ணி தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று டைரக்டர் அறைக்கு நடந்தாள். நாத்தனார் பின்னாலேயே ஓடினாள்.

டைரக்டர் முழுவதையும் கேட்டார். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடுப்புல வச்ச பாலாம்மா அது, பொங்குதா பொங்குதான்னு எட்டி எட்டிப் பார்க்க?”

“தப்புதான் சார்.”

“கதை நல்லாதான் இருக்கு. ஆனா ஆதாரம் வேணும். ரெண்டு தட்டு வைங்க. ஒண்ணை நேத்து மாதிரியே பாருங்க. இன்னொண்ணை யாரும் தொடக் கூடாது. சாவி ரெண்டும் செல்லம்மாகிட்ட இருக்கட்டும்.”

மறுநாள் சாயம் ஊற்றிய இரண்டு தட்டுகளும் அவர் மேஜைக்கு வந்தன. எட்டிப் பார்த்த தட்டில் அதே வழுக்கை. பார்க்காத தட்டு ஓரம் முதல் ஓரம் வரை ஊதா.

“மருந்தை நிறுத்தல” என்றார் டைரக்டர். “ஆனா ரொம்ப சந்தோஷப்படாதீங்க. ஒரு சின்ன பல்புக்கே இந்த ஆட்டம் ஆடுதுன்னா, இதை ஏத்துன நோயாளி ஜன்னலோரம் உட்கார்ந்தா தோல் என்ன ஆகும்? பத்துல ஒரு பங்கு அளவுல மறுபடி ஆரம்பிங்க.”

அன்று மாலையே குறைந்த அளவில் புதுத் தட்டுகள் தயாராகின. அவற்றை இன்குபேட்டரில் அடுக்கி, அறையைப் பூட்டிவிட்டு நாத்தனார் திரும்பினால், வராந்தாவில் அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“உயிரோடதான இருக்கு?”

“இருக்கு.”

“பார்க்காம எப்படிடி சொல்ற?”

“நீங்கதான் வெளிய நிக்கிறீங்களே அண்ணி!”