பிளாந்தேருக்கு மூன்று நாள்

அந்தக் குளிர்காலத்தில் மிரெல்லா தன் அப்பாவுக்காக மூன்று பயணத் திட்டங்கள் போட்டாள். மூன்றிலும் பிளாந்தேர் இல்லை.

முதல் திட்டத்தில் லூசெர்ன் ஏரியும் படகும் இருந்தன. இரண்டாவதில் பெர்ன் நகரமும் வெந்நீர்க் குளியலும். மூன்றாவதில் மலையைத் தாண்டித் தெற்கே லுகானோ. கட்டம் போட்ட தாளில் நீல மையில், எத்தனை மணிக்கு ரயில், எந்த நடைமேடை, மாறி ஏற எத்தனை நிமிடம், எந்த நிலையத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பதுவரை எழுதியிருந்தாள். முப்பத்தெட்டு வருடம் மருந்துக்கடையில் நின்று மாத்திரைப் பெட்டிகளின் மேல் எழுதிய கை அது. யார் படித்தாலும் புரியும்.

எண்பத்துநாலு வயது அப்பா ஒத்தாவியோ ஒவ்வொரு தாளையும் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். படித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. பிளாந்தேர் எங்க?"

"அங்க குளிர்காலத்துல பஸ்ஸு போகாதுப்பா."

அவர் மறுநாள் காலையில் மூச்சு வாங்க வாங்க ஓல்ட்டன் நிலையத்துக்கு நடந்துபோய், சீட்டு கொடுக்கும் ஜன்னலில் இருந்தவரிடம் விசாரித்துவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றாமலேயே சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்.

"ஒரு நாளைக்குப் பதினோரு பஸ்ஸு போகுதாம். பதினொண்ணு! ஏம்மா, இந்த ஊர்ல பனிய பாத்து நிக்கிற பஸ்ஸ நீ எங்கயாவது கண்டிருக்கியா? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருந்தச் சொல்லணும். உங்கம்மா இருந்திருந்தா அழகா சொல்லியிருப்பா."

மிரெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயதிலும் அவள் அப்படித்தான் சிரிப்பாள்.

ஒத்தாவியோ பிளாந்தேர் என்ற அந்த மலையூரில் பதினோரு வருடம் கொத்தனாராக இருந்தவர். இத்தாலியிலிருந்து வேலைக்கு வரும் பருவத் தொழிலாளி மார்ச்சில் வரலாம், டிசம்பர் பாதியில் கிளம்பிவிட வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அங்கிருக்கும் பெரிய ஓட்டல்கள் நான்கில் அவர் கை பட்டிருக்கிறது. பனி பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டிய ஓட்டல்கள். அந்தப் பனி முழங்கால் உயரம் சேர்வதற்குள் இவர் பெட்டியோடு எல்லையில் இத்தாலிக்கு ரயில் ஏறியிருப்பார். கல்யாணச் சமையல் முழுவதும் செய்துவிட்டு, பந்தி போடும் நேரத்தில் வெளியே அனுப்பப்பட்டவனின் கதைதான்.

"நான் வெச்ச கல்லு மேல நாலடி பனி நிக்கிறத ஒரு தடவ பாத்துரணும். வேற ஆசையே இல்ல," என்றார். மே மாதம் மனைவி அசுந்தாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே இந்தப் பேச்சை ஆரம்பித்தவர், எட்டு மாதமாக விடவில்லை. அவர் நுரையீரலில் பாதி கல்தூள். அடுத்த குளிர்காலத்தைப் பற்றி டாக்டர் பேசவே இல்லை.

மிரெல்லாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அவளால் அந்த ஊர்ப் பெயரைத் தாளில் எழுத முடியவில்லை.

பருவத் தொழிலாளி குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருந்தது. அசுந்தா ஓட்டல் சலவை அறையில் தனியாக வேலைக்குச் சேர்ந்தாள். ஐந்து வயது மிரெல்லாவை ஊரில் விட்டுவர மனமில்லாமல் ஒளித்துக் கூட்டி வந்தார்கள். ஒரு வீட்டின் மேல்தட்டு அறை. இரண்டு பருவம் அவள் அந்த அறையில் இருந்தாள். காலுறையோடுதான் நடக்க வேண்டும். ஜன்னல் பக்கம் போகக் கூடாது. தும்மல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்ள வேண்டும். அப்பாவும் அம்மாவும் விடியலில் போனால் இருட்டியபின் வருவார்கள்.

இரண்டாம் வருடம் நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, முற்றம் வெள்ளையாகக் கிடந்தது. அவள் இறங்கிப் போனாள். பத்து அடி நடந்திருப்பாள், அவ்வளவுதான். பயந்துபோய் ஏறி வந்துவிட்டாள். சின்னச் சின்னக் கால்தடங்கள் மட்டும் முற்றத்தில் அப்படியே இருந்தன. மறுநாள் இரண்டு போலீஸ்காரர்கள் படியேறி வந்தார்கள்.

அம்மாவையும் அவளையும் அன்றே ரயிலேற்றினார்கள். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அப்பா இங்கே, அவர்கள் அங்கே. அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் கிறிஸ்துமஸ் மேஜையில் யாராவது பழைய கதையைக் கிளறினால் போதும், "எல்லாம் இவ காலால வந்தது. பனியில கால வெச்சா பாருங்க, அதோட குடும்பம் சிதறிப்போச்சு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அப்பா ஒயின் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை. மிரெல்லா அதற்கப்புறம் பனியில் விளையாடியதே கிடையாது. அந்த முற்றத்தில் அப்பாவோடு போய் நிற்பதைவிட செத்துப்போகலாம் என்றிருந்தது அவளுக்கு.

ஆனால் பதினோரு பஸ்ஸைக் கண்டுபிடித்துவிட்ட மனிதரிடம் இனி என்ன சொல்வது? நான்காவது திட்டத்தை எழுதினாள். பிப்ரவரி பன்னிரண்டு முதல் பதினான்கு வரை. முதல் நாள் ஓல்ட்டன், சூரிக், லாண்ட்குவார்ட். அங்கிருந்து சிவப்பு மலை ரயிலில் நீளச் சுரங்கம் வழியாக ஸெர்னெஸ். அப்புறம் மஞ்சள் தபால் பஸ். இரண்டாம் நாள் பிளாந்தேர். மூன்றாம் நாள் திரும்புதல். நகராட்சி அலுவலகத்தில் நாள் முழுக்க எந்த ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும், தேதி போட்ட நாள்சீட்டுகளையும் வாங்கிவிட்டாள். அவற்றைத் திருப்பிக் கொடுக்க முடியாது, தேதியை மாற்றவும் முடியாது. அவளுக்கே அவள் போட்டுக்கொண்ட பூட்டு அது.

ஒத்தாவியோ தாளை வாங்கி இரண்டாம் நாளில் விரல் வைத்தார். "இங்க ஒண்ண சேத்துக்கோ. பதினோரு மணி, அந்த வீட்டு முத்தம்."

"ஓட்டல பாக்கணும்னுதானே சொன்னீங்க?"

"ஓட்டல் எங்க ஓடிப்போகுது? முத்தத்த எழுது."

எழுதினாள்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், நெஞ்சுக்குள் கொதிக்கிற கெட்டில் சத்தம். பயணம் நின்றுவிட்டது என்று அறிந்தபோது மிரெல்லாவுக்குள் எங்கோ ஒரு மூலையில் நிம்மதி வந்தது. அதற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

பன்னிரண்டாம் தேதி மதியம் அவள் போனபோது ஒத்தாவியோ தலையணையில் சாய்ந்து, முடியை ஈரம் தொட்டு வாரி, தயாராக இருந்தார்.

"தாள் இருக்கா?"

"எந்தத் தாளுப்பா?"

"இன்னிக்குத் தேதி என்ன? கிளம்புற நாள். படி."

கைப்பையில்தான் இருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து படித்தாள். ஓல்ட்டன், ஏழாம் நடைமேடை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். சூரிக்கில் மாறி ஏற எட்டு நிமிடம் என்றதும், "மெதுவா போ. எனக்கு மூச்சு வாங்கும்ல" என்றார். லாண்ட்குவார்ட்டில் ஒரு காபி வாங்கிக்கொண்டார். சுரங்கத்துக்குள் போனதும் அப்படியே தூங்கிவிட்டார். அவர் விழிக்கும்வரை காத்திருந்து, ஸெர்னெஸில் இறக்கி, தபால் பஸ் ஏற்றி, பிளாந்தேரில் ராத்தங்கல் அறை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் மிரெல்லா வீட்டுக்குப் போனாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்கு மனசு லேசாக இருந்தது.

மறுநாள் இரண்டாம் நாள். குரல் இன்னும் தாழ்ந்துபோயிருந்தது. ஓட்டல்களின் முன்னால் நாலடிப் பனியைப் பார்த்தார். "அந்த மூணாவது மாடத்துல ஒரு கல்லு கோணல். மேஸ்திரி கண்ல மண்ணத் தூவிட்டேன்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அடுத்த வரி பதினோரு மணி, முற்றம். மிரெல்லா அதைத் தாண்டிப் போகப் பார்த்தாள்.

"நில்லு," என்றார். "இங்கதான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அங்க நின்னு சொல்லணும்னு இருந்தேன்."

"வேணாம்ப்பா. நான் காலு வெச்சதாலதான்…"

"உன் காலால வரல."

அவர் மூச்சு சேர்த்துக்கொள்ள அவள் காத்திருந்தாள்.

"அதுக்கு முந்தின நாள், ஞாயித்துக்கிழம. உள்ளங்காலுல கிச்சுகிச்சு மூட்டினேன். நீ சிரிச்ச. வாய் திறந்திருக்கு, வயிறு குலுங்குது, கண்ணுல தண்ணி. சத்தம் மட்டும் இல்ல. துளி சத்தம் இல்ல. சத்தமில்லாம சிரிக்கக் கத்துக்கிட்டிருந்த நீ. திங்கக்கிழம சாப்பாட்டு நேரத்துல தொப்பிய கையில பிடிச்சுக்கிட்டு நானே அலுவலகத்துக்குப் போனேன். 'ஐயா, மேல என் புள்ள இருக்கா, ஏழு வயசாகப் போகுது, பள்ளிக்கூடத்துல ஒரு இடம் குடுங்க'ன்னு கேட்டேன். அந்த ஆளு நல்லபடியாத்தான் பேசினாரு. உக்கார வெச்சு, பேரு, வீடு எல்லாம் எழுதிக்கிட்டாரு. நேர்மையா கேட்டா குடுத்துருவாங்கன்னு நம்பிட்டேன். முட்டாப் பய நான்."

மிரெல்லா தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லலியே. சொன்னா என் மூஞ்சிலயே முழிச்சிருக்க மாட்டா. அவ பனிதான் காட்டிக்குடுத்துச்சுன்னு சொன்னா. சரி, பனியாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். பனி மேல பழி போட்டா யாருக்கு வலிக்கப்போகுது?"

"பனி மேல எங்க போட்டாங்க? என் மேல போட்டாங்க!" அவள் எழுந்துவிட்டாள். "வருஷா வருஷம் நீங்களும் அதே மேஜையிலதானே உக்காந்திருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா. அம்மாகிட்ட வேணாம். எனக்கு, என் காதுல, ஒரே ஒரு வார்த்த!"

"ஆமா," என்றார் ஒத்தாவியோ. "கோழையா இருந்துட்டேன்." அவள் கையிலிருந்த தாளைக் காட்டி, "மூணாம் நாளு பாக்கி இருக்கே. திரும்பி வரணும்ல?" என்றார்.

"நாளைக்கு நான் வரல," என்றாள். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள்.

அன்று அவளுக்குத் தூக்கமில்லை. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். விடியுமுன் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் மூன்றாம் நாளின் சீட்டை எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. அந்த முற்றத்தில் போய் நின்று, தான் என்ன தப்பு செய்தோம் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எட்டு நிமிடத்தில் சூரிக்கில் மாறினாள். லாண்ட்குவார்ட்டில் காபி வாங்கி, குடிக்க மறந்து, ஆறவிட்டாள்.

பதினோரு மணிக்கு அந்த வீட்டின் முன்னால் நின்றாள். மேல்தட்டு அறையில் இப்போது விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்குகிறார்கள் போல. அந்த ஜன்னலில் ஈரக் காலுறைகள் காய்ந்தன. முற்றத்தில் நாலைந்து பிள்ளைகள் சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு கத்தோ கத்தென்று கத்திக்கொண்டிருந்தார்கள். கால் வைக்க இடமில்லாமல் முற்றம் முழுக்கக் கால்தடம். சின்னச் சின்னக் கால்கள். யாரும் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. யாரும் போலீஸுக்குப் போகவில்லை.

மிரெல்லாவுக்கு அழுகை வந்தது. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகப் படியேறும் முப்பத்திரண்டு வயது அப்பாதான் கண்முன் நின்றார். பள்ளிக்கூடத்தில் ஒரு இடம் கேட்கப் போனவர். அவரிடம் உடனே பேச வேண்டும் போலிருந்தது. முற்றத்தில் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். முழுக்கக் கால்தடம் என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

எடுத்த நர்ஸ் அவள் பெயரைத் திருப்பிக் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். காலையிலிருந்து வீட்டு நம்பருக்கு நான்கு தடவை அடித்ததாகச் சொன்னாள். ஒன்பதே முக்காலுக்குப் போய்விட்டார். கஷ்டப்படவில்லை. அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்கூட, மகள் வந்துவிட்டாளா, ரயிலுக்கு நேரமாகிறது என்று கேட்டாராம்.

மிரெல்லா போனை எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தாளோ தெரியாது. நேற்று அவரை இந்த முற்றத்தில், இந்தக் குளிரில் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் எழுந்து போனது நினைவுக்கு வந்தது. திரும்பி வரும் வழியை அவள் அவருக்குப் படிக்கவே இல்லை.

பையைத் திறந்து தாளை எடுத்தாள். பனிக்குள் பத்து அடி நடந்து, முற்றத்தின் நடுவில் நின்றாள். அந்த வீட்டில் ஒருநாளும் உயர்த்தாத குரலில், பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்படி, உரக்கப் படித்தாள்.

"மூணாம் நாள். பன்னெண்டு இருபது, தபால் பஸ். ஸெர்னெஸ்ல ஆறு நிமிஷம். மெதுவாவே நடக்கலாம். வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்."